ராணியின் பெயருக்கு முன்னால்

என்னை இடுப்பில் சுமந்து திரிந்த என் மூத்தவளே, தெய்வானை அக்கா,

நாளை மறுநாள் உனக்கு முப்பத்தோராம் நாள். உன் கல்வெட்டு அச்சாகிக்கொண்டிருக்கிறது. செத்தவருக்காக அடிக்கிற அந்த மெல்லிய புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம்: முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, கடைசியில் உறவுகளின் புலம்பல். அதற்கு நானும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அன்பின் உறைவிடமே" என்று தொடங்கும். நீ கேட்டால் வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரிப்பாய். அதை நம்பாதே. இதுதான் உனக்கு எழுதுகிற கடிதம்.

இதை இப்போது யாருக்கும் காட்ட முடியாது. காட்டக்கூடிய ஒரு காலம் வந்தால் ஊரார் வாசிக்கட்டும், ஊர் தெரியாதவர்களும் வாசிக்கட்டும். அதற்காக உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கிக்கொண்டே போகப்போகிறேன். எனக்கே வகுப்பெடுக்கிறான் பார் என்று சிரிக்காதே.

இந்தப் பகுதியில் ஒரு சாவு விழுந்தால், சவப்பெட்டிக்குச் சொல்லும் முன்னர் என்னிடம் ஆள் வந்துவிடும். சைக்கிள் கரியரில் பெற்றரி, ஹாண்டிலில் ஒலிபெருக்கிக் குழாய், கழுத்தில் மைக். கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று, வாவிக்கரைப் பக்கம் ஒரு சுற்று, மெயின் ரோட்டால் களுவாஞ்சிக்குடி வரை ஒரு நீட்டு. கல்யாண வீட்டுக்குப் பாட்டுப் போட்டுப் பிழைத்தவன்தான் நானும். இந்த யுத்தம் வந்த பிறகு கல்யாணங்கள் பாட்டில்லாமல் நடக்கின்றன. சாவுகள் மட்டும் என்னைக் கேட்கின்றன.

புறப்படுவதற்கு முன் மரண அறிவித்தலை உன்னிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். நீ தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாய். துருவுகிற சத்தம் நின்றால், எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்னார் காலஞ்சென்ற கந்தப்பன், பொன்னம்மை தம்பதிகளின் கனிஷ்ட புதல்வரும்..." என்று ஒருநாள் வாசித்தேன்.

சத்தம் நின்றது. "கனிஷ்டம் எண்டா கடைசிதானே? அவனுக்கு மறுகா ஒரு பொட்டை பிறந்து செத்துது, தெரியாதா உனக்கு?"

"செத்த புள்ளையையும் கணக்கில எடுக்கச் சொல்றியா கா?"

"பெத்தவ எடுத்திருப்பாளே. எடுக்காம விட நீ ஆர்?"

திருத்தினேன். உன்னோடு வாதாடி வென்றவன் யார்?

நம் அறிவித்தல்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. மூத்த மகன் சிரேஷ்ட புதல்வர். கடைசி, கனிஷ்டம். ஒன்றே ஒன்றென்றால் ஏக புத்திரி. ஆண்களுக்கு அண்ணன் தம்பியின் பிள்ளையும், பெண்களுக்கு அக்கா தங்கையின் பிள்ளையும் பெறாமகன், பெறாமகள். பெறவில்லை, ஆனால் பிள்ளைதான். மனைவியின் சகோதரியைக் கட்டியவன் சகலன். இவர்களில் ஒருவரை விட்டாலும் செத்த வீட்டில் சண்டை வரும். ஒருமுறை ஒரு சம்பந்தியின் பெயரைத் தவறவிட்டேன். அந்த மனிதர் சவத்தைப் பார்க்காமலே வாசலோடு திரும்பிப் போனார். சாவுக்கு அழாதவர்கள்கூடத் தங்கள் பெயருக்குக் காது கொடுப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சொல் காலஞ்சென்ற என்பதுதான். சாவு யாருடையதோ அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்தவர்களின் பெயருக்கு முன்னால் வருவது. அது வந்துவிட்டால் அந்தப் பெயரைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. இந்த ஆள் எங்கே, ஏன் செத்த வீட்டுக்கு வரவில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அந்தச் சொல்லை நான் ஒரே ஒருமுறை பிழையாகப் போட்டேன், ஞாபகமா? வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் போய் வருஷக்கணக்காகத் தொடர்பில்லாமல் இருந்த ஒரு கிழவர். அவருடைய தங்கை இறந்தபோது, வீட்டார் சொன்னதை நம்பி அவரையும் காலஞ்சென்றவர் ஆக்கிவிட்டேன். மனிதர் செய்தி கேட்டுத் தோணி பிடித்து வாவியைக் கடந்து வந்து இறங்குகிறார். நான் கரையில் நின்று அறிவித்துக்கொண்டிருக்கிறேன். தன் பெயரைத் தானே கேட்டார். ஈர வேட்டியோடு வந்து என் சைக்கிளைப் பிடித்தார். "டேய், என்னை எப்படா சாகக் குடுத்தாய்? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றார். நீ அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சோறு அடிப்பிடித்துப் போனது. ராணியும் சிரித்தாள். "மாமா, என்னையும் ஒருநாள் சாகடிச்சிராதீங்க" என்றாள்.

அக்கா, அவள் சொன்னாள். நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

உன் ஏக புத்திரி புஷ்பராணி, களுவாஞ்சிக்குடிக்குத் தையல் பழகப் போய் வந்தாள். ஒருநாள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். கூடப் போன பிள்ளைகள் இருவர் பின்னேரம் உன் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தியின் கையில் ராணியின் தையல் பை இருந்தது. "மாமி, எங்களை விட்டுட்டாங்க. ராணிய மட்டும் நிக்கச் சொன்னாங்க" என்றாள். நீ அந்தப் பையை வாங்கி ஆணியில் கொழுவினாய். அவள் வந்து எடுப்பாள் என்றுதான் கொழுவினாய். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

மறுநாள் நீ ஆமி முகாம் வாசலுக்குப் போனாய். "அப்படி ஒரு பிள்ளையை நாங்கள் பிடிக்கவே இல்லை" என்று சொன்னார்கள். அடுத்த நாளும் போனாய். அதன் பிறகு அது உன் தொழிலாகிவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடை, ஒரே கேள்வி: "என்ட புள்ள எங்க?" சிலநாள் பதில் சொன்னார்கள், சிலநாள் துரத்தினார்கள். ஒருவேளை மற்றப் பக்கத்தவர்கள், இயக்கக்காரர், கொண்டு போயிருப்பார்களோ என்று யாரோ சொல்ல, வாவியைக் கடந்து படுவான்கரைக்கும் போய்க் கேட்டாய். அங்கேயும் இல்லை என்றார்கள். இரண்டு கரையிலும் இல்லாத ஒருத்தி பிறகு எங்கேதான் இருப்பாள்?

அத்தான் அந்தக் கவலையிலேயே விழுந்தார். அவருடைய அறிவித்தலை நான் எழுதிக்கொண்டு வந்தபோது நீ தேங்காய் துருவவில்லை, சுவரோடு சாய்ந்து இருந்தாய். நான் ராணியின் பெயருக்கு வந்ததும் கையைத் தூக்கினாய்.

"ராணிட பேருக்கு முன்னால ஒண்டும் போடாத."

"நான் போடல்ல கா."

"ஆர் சொன்னாலும் போடாத. நான் செத்தாலும் போடாத. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். "புஷ்பராணியின் அன்புத் தந்தையும்" என்று மட்டும் சொன்னேன். முகாமைக் கடக்கும்போது வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினேன், அந்தப் பெயர் அவர்களுடைய காதில் விழட்டும் என்று. அப்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு நீயும் போனாய். காய்ச்சல் என்றுதான் படுத்தாய். ரோட்டு மூடியிருந்த நாள் அது. வாகனத்தில் ஏற்றி, மறித்த இடத்தில் நின்று, கும்பிட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வீட்டுக்கே கொண்டு வந்தோம். மத்தியான வெயிலில் நீ கடைசியாக என்னைப் பார்த்தாய்.  சொல்ல வேண்டியதை அத்தானின் சாவிலேயே சொல்லிவிட்டாய் அல்லவா?

உன் அறிவித்தலைத் தனியே எழுதினேன். வாசித்துக் காட்ட ஆளில்லை. என்ன பிழை விட்டேனோ தெரியாது. "காலஞ்சென்ற மாரிமுத்துவின் அன்பு மனைவியும், புஷ்பராணியின் பாசமிகு தாயாரும் ஆவார்" என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை உருட்டினேன். ஏறி மிதிக்கவில்லை. முகாமடியில் இந்த முறையும் சத்தத்தைக் கூட்டினேன். அதுதான் வினையாக வந்தது.

அதற்கு முன் ஒரு செய்தி. சுவிஸிலிருந்து அண்ணனின் மகன் ரவி பேசினான். களுவாஞ்சிக்குடிக் கொமினிகேசன் கடை ரெலிபோனில் நேரம் சொல்லி வைத்து, நான் போய்க் காத்திருந்து பேசியது. கல்வெட்டில் வருகிற வம்சாவளியைத் தான் கீறித் தருவதாகச் சொன்னான். அங்கே பிறந்த தன் பிள்ளைகளுக்கு நம் பரம்பரையைக் காட்ட வேண்டுமாம். நல்ல விஷயந்தான். ஆனால் பொடியனுக்குச் சொற்கள் மறந்து போய்விட்டன.

"சித்தப்பா, பழைய கல்வெட்டில என்னைய உங்கட பெறாமகன் எண்டு போட்டிரிக்கி. தத்தெடுத்த பிள்ளை எண்டா அர்த்தம்?"

"உன்னைத் தத்தெடுக்க எனக்கு என்ன விசரா? அண்ணன்ட மகன் எனக்கு மகன்தான்டா."

சிரித்தான். அவன் சிரிப்பு அண்ணனின் சிரிப்புத்தான். பிறகு, மரத்தின் அடியில் அப்பாவின் அப்பாவைப் போடுவதாகச் சொன்னான். அங்கேதான் நான் மறித்தேன். எங்களுக்கு மரம் தாயிலிருந்து வளருகிறது என்று சொன்னேன். மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடி. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைக்கு அது சேராது. வீடும் மகளுக்குத்தான். ஒரு தாயின் வழியில் வந்தவர்களை வயிற்றுவார் என்கிறோம். என் மகள் சுதா அவளுடைய தாயின் குடி. நீயும் உன் தாயின் குடி, ரவி. நம் அம்மாவின் வயிற்றுவாரில் நானும் உன் அப்பாவும் பிறந்தோம், அவ்வளவுதான். எங்களால் அது மேலே போகாது. உன் தெய்வானை மாமியால் போனது. அவளுக்குப் பிறகு ராணியால்தான் போக வேண்டும்.

அவன் அங்கே தாளில் எதையோ அழிக்கிற சத்தம் கேட்டது. வெளிநாட்டு நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, செத்த ஆக்களுக்குப் பக்கத்தில ஒரு சின்னக் குருசு, சிலுவை மாதிரி, போடுறது. இஞ்ச அப்படித்தான் வழக்கம். ராணி மச்சாளுக்குப் போடவா, விடவா?"

"போடாத."

"அப்ப அவங்களுக்குக் கீழ கோட்டை நீட்டி விடவா?"

"நீட்டி விடு. கீழ வெறுமையா இரிக்கட்டும்."

அவன் கீறி அனுப்பியதைப் பார்த்தேன், அக்கா. மேலே நம் அம்மா, அதற்குக் கீழே நீ, உனக்குக் கீழே ராணி, ராணிக்குக் கீழே ஒரு கோடு போய் வெள்ளைத் தாளில் நிற்கிறது. குருசு இல்லை. உனக்குக் காட்டியிருந்தால் மடித்துப் பிளவுசுக்குள் வைத்துக்கொண்டிருப்பாய்.

உன் எட்டாம் நாள் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்தது. முகாமுக்கு வரச் சொன்னார்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க அடிக்கடி போகிற இடந்தானே என்று நினைத்துக்கொண்டு போனேன். இந்த முறை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரை தந்தார்கள். அனுமதி கேட்டுப் போகிற நாட்களில் நின்றுகொண்டுதான் பேசுவேன்.

தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார். என் அறிவித்தலைக் கேட்டு எழுதி வைத்திருந்தார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"செத்த பொம்பிளைக்கு மகள் இருக்கு. அந்த மகள் எங்க?"

அக்கா, எனக்கு முதலில் விளங்கவில்லை. அது உன் கேள்வி. நீ குடையோடு நின்று அந்த வாசலில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. அதை அவர் என்னிடம் கேட்கிறார்.

"தெரியாது ஐயா. நாங்களும் தேடுறம்."

"மத்த ஆளுக்கு எல்லாம் செத்தது எண்டு ஒரு சொல் போட்டிருக்கு. இவவுக்குப் போடல்ல. அப்ப உயிரோட இருக்கு. எங்க இருக்கு? காட்டுலயா?"

"உயிரோட எண்டு நான் சொல்லல்ல ஐயா. செத்த எண்டும் சொல்லல்ல."

"அப்பிடி ஒண்டு இல்ல." அவர் கோபப்படவில்லை, பாடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "இருந்தா கூட்டிட்டு வா. இல்லாட்டி செத்தது எண்டு எழுது. முப்பத்தொண்டுக்கு மைக்ல சொல்லுவதானே, அதுல சொல்லு. இந்த வழியால போகும்போது எங்களுக்கும் கேக்கணும்."

பிறகு ஒரு தேத்தண்ணி தந்தார்கள். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உறவுக்காரர் விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்: "உனக்கும் ஒரு மகள் இருக்குதானே? இப்ப எத்தனை வயசு?"

ராணி போனபோது அவளுக்கு இருந்த வயதுதான் இப்போது சுதாவுக்கு. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. "சொல்றன் ஐயா" என்று மட்டும் சொன்னேன். எதைச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மற்றது உறைத்தது. கொண்டு போனவர்களே எங்கே என்று கேட்கிறார்கள் என்றால், அவள் அவர்களிடம் இல்லை. அனுப்பி வைத்த இடத்திலும் இல்லை, அடைத்து வைத்த இடத்திலும் இல்லை. அவள் பெயரைக்கூட அவர்கள் வைத்திருக்கவில்லை. இத்தனை காலமும் நீ ஒரு மூடிய கதவைத் தட்டுகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவருமே இல்லை, அக்கா. நீ அது தெரியாமல் போனது நல்லதா, கெட்டதா?

உன் மச்சாளிடம், அதுதான் என் பெண்சாதியிடம், சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லிருங்க. ராணி எங்க இருந்தாலும் உங்களக் கோவிக்க மாட்டா. சுதாவ நினைச்சுப் பாருங்க."

சுதா கேட்டுக்கொண்டு நின்றாள். "மாமி இருந்தா என்ன சொல்லியிருப்பா, அப்பா?" என்றாள்.

நீ என்ன சொல்லியிருப்பாய்? உன் மகளுக்காக என் மகளைக் கொடு என்று நீ கேட்கக்கூடியவளா? கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் தாங்க முடியவில்லை. நீ கேட்டிருந்தால் உன்னோடு சண்டை பிடித்திருப்பேன்.

அச்சகத்துக்குப் போய் நானே திருத்திக் கொடுத்தேன். அறிவித்தலிலும் அந்தச் சொல்லைப் போட்டாயிற்று, வம்சாவளியிலும் போட்டாயிற்று. ரவி வெறுமையாக விட்ட கோட்டை அச்சகக்காரர் எடுத்துவிட்டார். "கீழ ஆளில்லாத கோடு என்னத்துக்கு, பார்க்க வடிவில்லையே" என்றார். அவர் மேல் பிழையில்லை. புத்தகம் சுவிஸுக்குப் போனதும் ரவியும் குருசைப் போட்டுவிடுவான். சித்தப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பான். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் செத்தவர் என்று சொன்னால் செத்தவர்தான். அந்தப் படுவான்கரைக் கிழவரைத் தவிர வேறு ஒருவரும் வந்து என்னைப் பொய்யன் ஆக்கியதில்லை.

இன்று காலை சொன்னேன்.

"காலஞ்சென்ற புஷ்பராணியின் பாசமிகு தாயாருமான..."  முகாமடியில் கட்டளைப்படி சத்தத்தைக் கூட்டினேன். உள்ளேயிருந்து ஒருவர் கையைக் காட்டினார், போகலாம் என்று.

வாவிக்கரைப் பக்கம் திரும்பியபோது ஒரு பொம்பிளை ஓடி வந்து சைக்கிளை மறித்தாள். மகனைத் தேடிக்கொண்டு முகாம் வாசலில் உன்னோடு நிற்பாளே, அவள்தான். மூச்சு வாங்கியது. முகத்தில், எப்படிச் சொல்வேன், ஒரு வெளிச்சம் இருந்தது.

"தம்பி, ராணிட செய்தி வந்துட்டா? ஆர் சொன்னாங்க? அப்ப அவங்க பேர் சொல்றாங்களா? என்ட பொடியனப் பத்தியும் ஏதும் சொன்னாங்களா?"

நான் என்ன சொல்வது, அக்கா? இல்லை, நான் பொய் சொன்னேன், ஒரு செய்தியும் வரவில்லை என்று நடுரோட்டில் சொல்லலாமா? "எனக்குத் தெரியாது கா" என்றேன். அவள் நம்பவில்லை. தெரிந்துகொண்டும் மறைக்கிறான் என்று நினைத்திருப்பாள். நாளைக்கு அவள் முகாம் வாசலில் போய், ராணியைச் சொன்னீர்களே, என் மகனையும் சொல்லுங்கள் என்று கேட்பாள். அவளை என்ன செய்வார்களோ.

மத்தியானத்துக்குப் பிறகு உன் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உனக்காக அல்ல. ராணிக்காக. இத்தனை காலம் அழாமல் அடக்கி வைத்திருந்தவர்கள் என் சொல்லைக் கேட்டுவிட்டு வந்து அழுதார்கள். அன்றைக்குப் பையைக் கொண்டு வந்தவள் இப்போது கைக்குழந்தையோடு வந்தாள். ஆணியில் தொங்குகிற பையைப் பார்த்துவிட்டு விழுந்து அழுதாள். ஒருவர் கேட்டார், அந்தப் பையை எடுத்து உன்னுடைய படையலோடு வைத்துவிடலாமே என்று. எடுக்க வேண்டாம் என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செத்தது என்று சொன்னவனும் நான்தான், பையைத் தொட வேண்டாம் என்று கத்துகிறவனும் நான்தான்.

கோயிலிலும் இனி இதேதான். திருவிழா முடிவில் குடி குடியாகப் பெயர் சொல்லி அழைத்து மரியாதை கொடுப்பார்கள். நம் குடிக்கு நான் போய் வாங்குவேன், என் காலில் பலம் உள்ளவரை. அதன் பிறகு அழைப்பார்கள், ஒருவரும் எழும்பமாட்டார்கள், அடுத்த குடியின் பெயரைச் சொல்லுவார்கள். கொஞ்ச வருஷத்தில் அழைப்பதையும் விட்டுவிடுவார்கள். நம் அம்மாவின் வயிற்றுவார் இன்று காலையோடு முடிந்தது. முடித்து வைத்தது என் குரல்.

அவள் வருவாள் என்று உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ இருந்தபோது உன்னோடு சேர்ந்து நானும் நம்பினேன், அல்லது நம்புகிற மாதிரி நடந்தேன். இப்போது எது என்றே தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இன்று முழுவதும் சைக்கிள் உருட்டும்போது கரைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். ஈரப் பாவாடையோடு ஒருத்தி தோணியால் இறங்கி வந்து என் ஹாண்டிலைப் பிடித்து, "மாமா, என்னை எப்ப சாகக் குடுத்தீங்க?" என்று கேட்கமாட்டாளா என்று. தோணிகள் வந்தன. மீன் இறக்கினார்கள். வேறு ஒருவரும் இறங்கவில்லை.

உனக்குச் செய்த சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டு இதை நீட்டப் போவதில்லை. மன்னிக்க நீ இல்லை. ஆனால் வேறொரு வேலை செய்திருக்கிறேன்.

எல்லோரும் உன் வீட்டில் இருந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, கசற்றில் ஒரு அறிவித்தலைப் பதிந்தேன். என்னுடையது. என் குரலிலேயே. சாவுத் திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதை யாராவது வாயால் சொல்லிக்கொள்ளட்டும். யாருக்கு மகன், யாருக்குக் கணவன், யாருக்குத் தகப்பன், யாருக்குத் தாய்மாமன், யாருக்குச் சகலன், ஒருவரையும் விடவில்லை. சம்பந்தி இன்னும் வரவில்லை, வந்தால் திருப்பிப் பதிவேன். அதில் உன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வருகிறது. ராணியின் பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை. என் குரல் அந்த இடத்தில் தடுமாறவுமில்லை, கேட்டுப் பார்த்தேன்.

அந்தக் கசற் எங்கே இருக்கிறது என்று சுதாவுக்குச் சொல்லிவிட்டேன். முகாமடியில் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் அவர்கள் கூப்பிட்டு, செத்தவனுடைய மருமகள் எங்கே என்று கேட்டால், சொன்னது அப்பாவின் குரல், அவரிடமே கேளுங்கள் என்று அவள் சொல்லட்டும். சவக்காலைக்கு, என் குழியடிக்கு வரட்டும். கதிரை நான் போடுகிறேன்.

இன்று காலை என் வாயால் வைத்ததை ஒருநாள் என் வாயாலேயே எடுத்துவிடுவேன், அக்கா. இது சத்தியம். இதை மீற நான் உயிரோடு இருக்கமாட்டேன்.

உன் தம்பி,
புஷ்பராணியின் தாய்மாமன்.